பின்னில் எத்தனை கோடு? – நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே குறை: மைக் வாங்கினோம், கம்ப்யூட்டரில் குரல் ஏறவில்லை. மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆன்லைனில் காலர் மைக் வாங்கினேன். தம்பியின் கேமராவில் நன்றாக இருக்கிறது. லேப்டாப்பில் செருகினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது. மைக் பழுதா?
– ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: பழுது இல்லை அம்மா. நீங்கள் கேட்பது காலர் மைக்கின் குரலே அல்ல. லேப்டாப் மூடியில் இருக்கும் உள் மைக்தான் பதிவு செய்கிறது. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, காலர் மைக்கை நகத்தால் தட்டுங்கள். பிறகு லேப்டாப் திரையின் மேல் விளிம்பைத் தட்டுங்கள். எந்தத் தட்டல் ‘டொக்’ என்று விழுகிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது.

இப்போது மைக்கின் 3.5 எம்எம் பின்னைப் பாருங்கள். உலோகத்தின் மேல் கறுப்புக் கோடு எத்தனை? கேமராவில் ஓடுகிறது என்றால் இரண்டாக இருக்க வேண்டும். இதை டிஆர்எஸ் என்பார்கள். உங்கள் லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. அது மூன்று கோடு உள்ள டிஆர்ஆர்எஸ் பின்னுக்கானது: நுனி இடது ஸ்பீக்கர், அடுத்த வளையம் வலது, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். இரண்டு கோட்டுப் பின்னை அதில் சொருகும்போது மைக்குக்கான தொடர்பு கிரவுண்டோடு ஒட்டிவிடும். யாரோ ஹெட்போன் சொருகியிருக்கிறார்கள் என்று லேப்டாப் எடுத்துக்கொண்டு, உள் மைக்கிலேயே பதிவைத் தொடரும்.

தேவை ஒரு சின்னக் கன்வெர்ட்டர்: ஒரு முனையில் மூன்று கோட்டுப் பின், மறுமுனையில் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்ட இரண்டு ஓட்டைகள். இரண்டிலும் ஹெட்போன் படமே இருந்தால் அது இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கான வயர், உங்களுக்கு உதவாது. போயா பிஒய்-எம்1 போல மைக்கிலேயே ஸ்விட்ச் உள்ள மாடல்களில் பின்னிலேயே மூன்று கோடு இருக்கும், கன்வெர்ட்டர் வேண்டாம். ஸ்விட்சை ஸ்மார்ட்போன் பக்கம் வையுங்கள். கேமரா பக்கம் வைத்தால் எல்ஆர்44 பேட்டரி போட்டிருக்க வேண்டும்.

விற்பனைப் பக்கத்தில் ‘லேப்டாப்புக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால், கன்வெர்ட்டர் வாங்கும் முன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. கோடு எண்ணாமல் வாங்கிய வயர்கள் என் மேசை டிராயரிலும் நாலைந்து கிடக்கின்றன. பில் வைத்துக்கொள்ளாததால் ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

கேள்வி: புளூடூத் இயர்போனில் பாட்டு அருமையாக இருக்கு. ஆன்லைன் மீட்டிங்கில் மைக் ஆன் ஆனதும் பாட்டும் குரலும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுது.
– ஐடி ஊழியர், பெரம்பூர்

பதில்: மைக் விழித்ததும் புளூடூத் பாட்டு முறையை விட்டு, போன் பேசும் முறைக்கு மாறுகிறது. விலை கூடிய மாடலிலும் பெரும்பாலும் இதே கதைதான். இயர்போனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இன்புட்டில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மூணாவது மைக் வாங்கிட்டேன் சார். எதிலயும் சத்தமே ஏறல. நாலாவது எது வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

பதில்: எதையும் வாங்காதீர்கள். இரண்டு மைக்கும் ஒரே மாதிரி ஊமையானால் கோளாறு மைக்கில் இருக்க வாய்ப்பு குறைவு என்று மூன்றாவது வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும் தம்பி. வீட்டுக்காசு அது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோபோன். மேலே உள்ள பொத்தான் மட்டும் போதாது. அடியில் டெஸ்க்டாப் ஆப்களுக்குத் தனியாக ஒரு பொத்தான் உண்டு, அதையும் ஆன் செய்யுங்கள். பிறகு சிஸ்டம், சவுண்ட், மோர் சவுண்ட் செட்டிங்ஸ், ரெக்கார்டிங். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கிய கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மைக் மங்கலாகத் தெரிந்தால் எனேபிள் செய்து டிஃபால்ட் ஆக்குங்கள். பேசும்போது பக்கத்தில் பச்சைப் பட்டை ஏறுகிறதா? ஏறினால் மைக் நலம், நீங்கள் பதிவு செய்யும் ஆப்பில்தான் வேறு இன்புட் தேர்வாகியிருக்கிறது. ஏறாவிட்டால் கீபோர்டில் மைக் படம் போட்ட பட்டனைப் பாருங்கள். அதில் விளக்கு எரிந்தால் பல லேப்டாப்களில் மைக் மியூட் என்று பொருள். இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: கானா பாடுறேன். யூடியூப்ல போட ‘ஸ்டுடியோ செட்’னு மைக், ஸ்டாண்டு, ஃபில்டர், வயர் எல்லாம் சேர்த்து ஒரு கடையில வாங்கினேன். அம்மா சீட்டுப் பணம். வயரை லேப்டாப்ல மாட்டினா கொசு கத்துற மாதிரி கேக்குது. கடைக்காரர் ‘உனக்கு யூஸ் பண்ணத் தெரியல, விற்ற பொருள் வாபஸ் இல்ல’ன்னு துரத்துறார்.
– புளியந்தோப்பு

பதில்: தவறு உங்களுடையது இல்லை தம்பி. தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லி விற்க வேண்டிய பொருள் இது, சொல்லாமல் விற்றிருக்கிறார்கள்.

செட்டில் வரும் மைக் கன்டென்சர் வகை. இந்த வகைக்கு முறையாக எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி உள்ள வட்ட முனை) வயர் வழியே 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். ஃபேன்டம் பவர் என்பது அதுதான். லேப்டாப்பின் மைக் ஓட்டை தருவது அதிகம் போனால் ஐந்து வோல்ட்டுக்குள். எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 எம்எம்முக்குப் போகும் வயரைச் செட்டோடு போட்டுக் கொடுத்துவிட்டு ‘நேரா மாட்டு’ என்பார்கள். மாட்டினால் குரல் மெலிந்து கேட்கும். மைக் பூஸ்ட்டை 30 டெசிபல் ஏற்றினால் குரலோடு ‘உஸ்ஸ்’ இரைச்சலும் ஏறும்.

இதில் எனக்கு நெடுநாள் ஆற்றாமை உண்டு. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிடுகிறோம். மைக் பெட்டியில் பின் எத்தனை கோடு, எத்தனை வோல்ட் வேண்டும், எந்த ஓட்டையில் மாட்ட வேண்டும் என்ற மூன்று வரி இருப்பதில்லை. ‘பிசி, மொபைல், கேமரா எல்லாவற்றுக்கும்’ என்று ஒரு வரி, ஒரு பாடகர் படம், அவ்வளவுதான். பல பெட்டிகளில் இறக்குமதி செய்தவரின் முகவரிகூட இல்லை. முகவரி, எந்த நாட்டுப் பொருள், தயாரித்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு எண் ஆகியவை பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாயம். இவை இல்லாத பெட்டியைக் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பர்மா பஜாரானாலும் ரிச்சி தெருவானாலும் ஏசி போட்ட ஷோரூமானாலும் இதே அளவுகோல்தான். ‘48 வோல்ட்’ என்று அச்சிட்ட, மைக்குக்கு மின்சாரம் தரும் பவர் பெட்டி ஒன்றை நம்பி வாங்கி நானும் ஏமாந்தேன்; அளந்து பார்த்தபோது இருபது வோல்ட்கூட இல்லை. அதனால் சொல்கிறேன்: பவர் பெட்டி வாங்கினால் கடையிலேயே மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து, எக்ஸ்எல்ஆரின் ஒன்றாம் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், பிறகு ஒன்றுக்கும் மூன்றுக்கும். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

பணம் பற்றி: குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக முறை. பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். ‘வாபஸ் இல்லை’ என்று பில்லில் அச்சிட்டுவிட்டால் இந்தச் சட்டம் இல்லாமல் போகாது. லேப்டாப்பில் நேரடியாக ஓடும் என்று பெட்டியிலோ பில்லிலோ எழுதியிருந்தால் அதைப் படம் எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம்.

மைக்கை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், 48 வோல்ட் பொத்தான் உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மாட்டும் பெட்டி) வாங்க வேண்டும். வயரை மாட்டிய பிறகு 48 வோல்ட்டைப் போடுங்கள், அதுவரை வால்யூம் இறங்கியே இருக்கட்டும். இந்த வடிவ மைக்கில் பாட வேண்டியது மேல் நுனியைப் பார்த்து அல்ல, லோகோ உள்ள பக்கவாட்டைப் பார்த்து. தெரு இரைச்சலும் மின்விசிறியும் உள்ள அறை என்றால், மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்தான் உங்களுக்கு நல்லது. அதற்கு 48 வோல்ட்டும் தேவையில்லை. அந்த வகையில் பேர்பெற்ற ஷூர் எஸ்எம்58க்குப் போலி நிறைய உலவுகிறது. பாதி விலைக்குப் புத்தம் புதிது என்றால் கை வைக்காதீர்கள்.

கேள்வி: கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பின்பக்க பிங்க் ஓட்டையில் மைக் ஓடுகிறது, முன்பக்க ஓட்டையில் செத்துக்கிடக்கிறது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– கொடுங்கையூர்

பதில்: மாற்றாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், முன்பக்கத்திலிருந்து ‘எச்டி ஆடியோ’ என்று எழுதிய ஒரு வயர் வரும். அது மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் உள்ள முனையில் மாட்ட வேண்டியது. பத்தில் ஓர் ஊசி இல்லாமல் இருப்பது திருப்பி மாட்டிவிடாமல் இருக்கத்தான். அசெம்பிள் செய்தவர் மாட்ட மறந்திருப்பார், அல்லது அதே வயரில் உள்ள, ‘ஏசி97’ என்று எழுதிய பழைய முறை முனையை மாட்டியிருப்பார். இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலை.

கேள்வி: எங்கள் சர்ச் ஆராதனையை லைவ் செய்கிறோம். மிக்சரிலிருந்து லேப்டாப்புக்கு வயர் போட்டோம். குரல் கிழிகிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை.
– ராயபுரம்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

கிழிவதற்குக் காரணம் அளவு. மிக்சர் அனுப்புவது லைன் லெவல், சுமார் 0.3 வோல்ட். மைக் ஓட்டை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். விண்டோஸில் வால்யூமைக் குறைத்தாலும் பலனில்லை, கிழிசல் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. டெஸ்க்டாப் என்றால் நீல நிற லைன்-இன் ஓட்டை. லேப்டாப் என்றால் ‘ஸ்டீரியோ லைன்-இன்’ உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. மலிவான கார்டுகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சேனல் மைக் ஓட்டை. அதை வாங்கினால் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள். மிக்சரின் ‘ரெக் அவுட்’டிலிருந்து வயர் எடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் லைனில் நூறு வோல்ட் வரை வரும், லேப்டாப் போய்விடும்.

புது மிக்சர் வாங்கும் எண்ணம் இருந்தால், ‘யுஎஸ்பி உண்டு’ என்ற சொல்லை நம்பாமல் ஓட்டையைப் பாருங்கள். தட்டையான ஓட்டை பெரும்பாலும் பென்டிரைவில் பாட்டுப் போட. பிரிண்டர் வயர் போகும் சதுர ஓட்டைதான் கம்ப்யூட்டருக்கு.

‘ம்ம்ம்’ ஓசை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துடையது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளும் வெவ்வேறு வழியில் எர்த் ஆகி, அவற்றுக்கிடையே மின்சாரம் சுற்றுவது. மிக்சரையும் லேப்டாப் சார்ஜரையும் ஒரே பிளக் போர்டில் போடுங்கள். அப்படியும் இருந்தால் லைன் வயரின் நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். எர்த் உயிரைக் காக்க இருப்பது. பழைய கட்டடம் என்றால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் சோதியுங்கள்.

கேள்வி: தாத்தா பாடிய மரண கானா ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கடைக்குக் கொடுத்து அனுப்பப் பயமாக இருக்கிறது.
– கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். கேசட் டெக்கின் பின்பக்கச் சிவப்பு, வெள்ளை ஓட்டைகளிலிருந்து மேலே சொன்ன ஸ்டீரியோ லைன்-இன் கார்டுக்கு வயர். ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் ஆப் இலவசம், 44,100 ஹெர்ட்ஸில் வைத்து, உச்சக் குரல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். பதிவை எம்பி3 ஆக்காமல் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 635 எம்பி வரும். இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஓடவிடும் முன் டெக்கின் ஹெட்டை (நாடா உரசும் உலோகப் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். அந்த டெக்கில் முதலில் ஏதாவது ஒரு பழைய கேசட்டைப் போட்டு, நாடாவைத் தின்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். அதற்கும் முன்னால் தாத்தாவின் கேசட்டில், நாடா தெரியும் பக்கத்துக்கு நேர் எதிர் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் இன்றே உடைத்துவிடுங்கள். யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தப் போனாலும் அது இறங்காது.