மீக்கடத்திக்குள் முடங்கும் குவாசித்துகள்: கேள்வி பதில்

முதுகலை இயற்பியல் மாணவர்களின் கேள்விகளுக்கு நாகர்கோவில் பேராசிரியர் ஒருவர் அளித்த பதில்கள். மீக்கடத்தி என்பது போதுமான அளவு குளிர்வித்தால் மின்தடையை இழக்கும் பொருள்; முடக்கம் என்பது மாசுகளில் சிதறும் துகளின் அலை, பொருள் முழுவதும் பரவாமல் ஓரிடத்திலேயே சிக்கிக்கொள்வது.

ஐயா, மாசு கலந்தாலும் மீக்கடத்தியின் மின்தடை சுழியாகவே இருக்கிறதே. பிறகு முடங்குவது எது? (மாணவர், மார்த்தாண்டம்)

தடையின்றி ஓடுவது கூப்பர் இணைகளின் (இரண்டிரண்டாகச் சேர்ந்த எலக்ட்ரான்களின்) கூட்டோட்டம். காந்தத்தன்மையற்ற மாசுகளால் எஸ்-அலை மீக்கடத்தியின், அதாவது இணைப்பின் வலு எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள பொருளின், நிலைமாறு வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) பெரிதாகக் குறையாது என்று இயற்பியலாளர் ஆண்டர்சன் 1959-இல் காட்டினார். முடங்குவது, இணை உடையும்போது எழும் குவாசித்துகள், அதாவது தனித்துகள் போல் நடந்துகொள்ளும் கிளர்ச்சி. அது எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடமும்) கலந்த நிலை என்பதால் அதன் மின்னூட்டம் மாறாமல் நிற்பதில்லை. ஆற்றல் மாறாமல் நிற்கும், ஒற்றைத் தற்சுழற்சி இணைகள் (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று நீக்கும் இணைகள்) உள்ள பொருளில் தற்சுழற்சியும் மாறாமல் நிற்கும். ஆகவே முடக்கத்தைக் காண மின்தடையை அல்ல, வெப்பக்கடத்தலை அளக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்குதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முட்டத்துப் பாறைகளில் அலை சிதறுவதைப் போன்றதா இது? (மாணவி, குளச்சல்)

சிதறல் வரை ஒப்புமை பொருந்தும். ஆனால் ஒரே வளையப் பாதையை வலமாகவும் இடமாகவும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் இரு அலைகள் ஒத்த கட்டத்தில் சேர்ந்து, திரும்பி வரும் வாய்ப்பைக் கூட்டுவதுதான் முடக்கத்தின் வேர். முப்பரிமாணத்தில் அலைந்து திரியும் துகள் தப்பிவிடக்கூடும். ஒரு பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் அது திரும்பியே தீரும். அதனால் இரு பரிமாண உலோகத்தில் மிகச் சிறிய ஒழுங்கின்மையும் முடக்கப் போதும் என்று 1979-இல் ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, நம் நாட்டு டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரும் வாதிட்டனர். மீக்கடத்தியில் எலக்ட்ரான் துளையாக மாறித் திரும்பும் பாதைகளும் இவற்றோடு சேர்கின்றன.

எங்கள் ஊர் மோனசைட்டில் லாந்தனம் உண்டு. 1986-இல் கண்டறிந்த லாந்தனம்–செம்பு ஆக்சைடு வகையிலும் இது நிகழுமா? (மாணவர், மணவாளக்குறிச்சி)

அவ்வகைப் பொருள்கள் டி-அலை வகையின, அதாவது இணைப்பின் வலு திசைக்குத் திசை மாறும். அவற்றில் நான்கு திசைகளில் ஆற்றல் இடைவெளி (குவாசித்துகளை எழுப்பத் தேவையான குறைந்த ஆற்றல்) சுழியாவதால், தாழ்ந்த ஆற்றலிலும் குவாசித்துகள்கள் உண்டு. இரு பரிமாணத்தில் அவையும் இறுதியில் முடங்கும் என்று செந்தில், ஃபிஷர், பாலன்ட்ஸ், நாயக் 1998-இல் கணித்தனர். மின்சாரம் தடையின்றி ஓடும் அதே பொருளில், குவாசித்துகள்கள் வெப்பத்தைக் கடத்தாத நிலை அது. எனக்கு இன்றும் வியப்பளிப்பது. எனினும் 1997-இல் இட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடில் துத்தநாகம் சேர்த்து அளந்தபோது வெப்பநிலை சுழியை நெருங்கும்போது எஞ்சிய வெப்பக்கடத்தல் ஏறத்தாழ மாறவில்லை. மாசு புதிய குவாசித்துகள் நிலைகளை உண்டாக்கும் அளவுக்கே குவாசித்துகள்களின் ஆயுளையும் குறைக்கிறது. முடக்கம் அதற்கும் அப்பால், மிக நீண்ட தொலைவுகளில்தான் புலப்பட வேண்டும்.

எப்போதும் முடங்குமா? (மாணவி, தக்கலை)

இல்லை, சமச்சீர்மையைப் பொறுத்தது. ஆல்ட்லண்டும் சிர்ன்பவரும் 1997-இல் வகுத்த வகைகளுள், காலத் திருப்பச் சமச்சீர்மையும் (காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதி மாறாமை) தற்சுழற்சிச் சமச்சீர்மையும் (தற்சுழற்சியின் திசையைத் திருப்பினாலும் விதி மாறாமை) இரண்டும் குலைந்த வகையில், இரு பரிமாணத்தில் திரும்பி வரும் அலைகளின் குறுக்கீட்டின் குறி மாறி வெப்ப உலோகம் (குவாசித்துகள்கள் முடங்காமல் வெப்பத்தைக் கடத்தும் நிலை) தோன்றலாம். அதே வகை ஒற்றைப் பரிமாணக் கம்பியிலோ, இரு இடத்தியல் நிலைகளுக்கு (சிறு மாற்றங்களால் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்ற இயலாத நிலைகளுக்கு) இடையிலான மாறுபுள்ளியில் மட்டும் சுழி ஆற்றல் நிலை முடங்காமல் தப்புகிறது.