நாலாவது வசனத்தில் நின்றுபோன பேச்சு

அன்பின் ஆலோசகர் அக்காவுக்கு,

நான் திருகோணமலையில் தரம் 10 படிக்கிறேன். போன மாதம் காலைக்கூட்டத்தில் நற்சிந்தனை சொல்ல ஏறினேன். மூன்று வசனம் போனது, நாலாவது வரவில்லை. கைகால் நடுங்க, இறங்கி ஓடிவந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு ரீச்சர் என் பெயரைக் கொடுத்திருக்கிறா. இன்னும் நாலு கிழமைதான். நினைத்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது. "நல்லாப் பாடமாக்கு, சரிவரும்" என்கிறா அம்மா. அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிடவா?

– உவர்மலையிலிருந்து ஒரு மாணவி

அன்பின் தங்கச்சி,

நிற்க வேண்டாம். வீட்டில் நின்றால் உடனே ஒரு நிம்மதி வரும். பயத்துக்குத் தீனியே அந்த நிம்மதிதான். 'ஓடினேன், தப்பினேன்' என்று மனம் பதிந்துகொள்ளும். அடுத்த முறை படியேற முன்னமே நெஞ்சு படபடக்கும்.

அம்மா சொன்னதில் பாதிதான் சரி. சொல்லுக்குச் சொல் பாடமாக்கினால் ஒவ்வொரு வசனமும் முந்தியதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒன்று தவறினால் மிச்சமும் போச்சு. பதற்றம் கூடினால் ஞாபகமும் அடைபடும். அதனால் தொடக்கத்தில் இரண்டு வசனம், முடிவில் இரண்டு வசனம் மட்டும் பாடமாக்குங்கள். நடுப்பகுதியை நாலு சொல்லாக்கி நாலு விரலில் வையுங்கள். தலைப்பு நம்மூர்த் துறைமுகம் என்றால்: ஆழம், கோட்டை, எண்ணெய்க்குதம், மீனவர். ஒவ்வொரு முறையும் வேறு வசனத்தில் சொல்லிப் பழகுங்கள். ஒன்று மறந்தால் அடுத்த விரலுக்குப் போங்கள். எதை விட்டீர்கள் என்று சபைக்குத் தெரியாது.

மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியில் சேராது. முதல் கிழமை அறையில் எழும்பி நின்று, சத்தமாக, நாளுக்கு இரண்டு தரம். அடுத்த கிழமை வீட்டார் முன்னால். மூன்றாவதில் வகுப்பில் ஐந்தாறு தோழிகள். ஒருத்தியை வேண்டுமென்றே சிரிக்கச் சொல்லுங்கள். கடைசிக் கிழமை ரீச்சரைக் கேட்டு, மண்டபத்தில் ஒலிவாங்கியோடு. தன் குரல் ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும்போது பலர் திடுக்கிட்டுப் போவார்கள், அதற்காகத்தான். ஒவ்வொரு தடவையும் பயத்துக்கு 10க்கு எத்தனை என்று குறியுங்கள். 8 என்று குறித்தால், அது 4 ஆகும்வரை அதே படியில் நில்லுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இறங்கவே கூடாது.

மேடைக்கு முன் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள், ஐந்து தரம். பெரிது பெரிதாக இழுத்தால் தலைதான் சுற்றும். அன்று காலை சாயமேறிய பிளேன்ரீ வேண்டாம், அதுவும் படபடப்பைக் கூட்டும்.

இன்னொன்று. நம் நடுக்கம் நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இதை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நீங்களும் இப்போது கேட்டுவிட்டீர்கள்.

மேடை மட்டுமல்ல, வகுப்பில் பதில் சொல்லவும் நாலு பேர் முன்னால் சாப்பிடவும்கூடப் பயந்து, அது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடம் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். நடுக்கம் நிற்கும் என்று யாராவது தாங்கள் எடுக்கும் இதயநோய்க் குளிசையைத் தந்தால் வாங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதில் சில வகை மூச்சையே அடைத்துவிடும்.