குறைந்த செலவில் ஸ்கூபா: எந்தக் கடையை நம்பலாம்? (கேள்வி பதில்)

மார்ச் பிறந்தால் போதும், "அக்கா, டைவிங் கத்துக்கணும், எந்தக் கடை நல்ல கடை?" என்று மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். வார நாளில் அலுவலகம், வார இறுதியில் மலேசியாவின் தியோமான் தீவுப் படகில் டைவர்களை அழைத்துச் செல்லும் டைவ்மாஸ்டர் வேலை என்று ஓடுகிறவள் நான். எந்தக் கடையிலும் எனக்குப் பங்கும் இல்லை, கமிஷனும் இல்லை. இந்தத் தடவை வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முத்து, ஜூரோங்: தியோமானில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் வகுப்புப் படிக்க இரண்டு இடத்தில் விலை கேட்டேன் அக்கா. ஒன்று மற்றதில் கிட்டத்தட்டப் பாதி. இவ்வளவு மலிவு என்றால் ஏமாற்று வேலையா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்ல முடியாது தம்பி. சிங்கப்பூர்க் கடை சொல்லும் விலையில் பெரும்பாலும் இங்கிருந்து பஸ், மெர்சிங்கில் ஃபெரி, அறை, சாப்பாடு, நீச்சல் குளத்து வகுப்பு எல்லாம் அடங்கியிருக்கும். தீவிலேயே இருக்கும் கடை வகுப்புக்கு மட்டும் விலை சொல்லும். ஆன்லைன் பாடத்துக்குத் தனிக் காசா, உபகரண வாடகை சேர்ந்ததா, கடல் பூங்காக் கட்டணம் யார் கட்டுவது, கடைசியில் தேர்ச்சிக் கார்டுக்கு ஏதாவது கேட்பார்களா என்று இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்கிக் கூட்டிப் பாருங்கள். பாதி என்று நினைத்தது முக்கால்வாசிக்கு வந்து நிற்கும்.

அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால், எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஏசி இல்லாத அறை, ஆறு பேர் படுக்கும் டார்மிட்டரி, மூன்று வேளையும் நாசி கோரேங், இதெல்லாம் நமக்கு லாபம்தான். இன்ஸ்ட்ரக்டர் எண்ணிக்கையிலும் பயிற்சி நாளிலும் கைவைத்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். டைவிங் பயிற்சி அமைப்பான பிஏடிஐயின் விதிப்படி கடலில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் அதிகபட்சம் 8 மாணவர்களை அழைத்துப் போகலாம். அது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் நாளுக்கு. கலங்கிய தண்ணீரில் எட்டுப் பேரில் ஒருவர் பின்தங்கினால் முன்னால் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. "ஒருவருக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள், நான்கு என்றால் தாராளமாகச் சேரலாம்.

நாள் கணக்கும் எளிதுதான். கடலில் முடிக்க வேண்டியவை 4 டைவ். ஒரு நாளில் பயிற்சி டைவ் மூன்றுக்கு மேல் கூடாது. அப்படியென்றால் கடல் பகுதிக்கு மட்டும் இரண்டு நாள் வேண்டும், குளத்துப் பயிற்சி அதற்கு முன்னால். ஒரே நாளில் எல்லாம் முடித்துக் கார்டு தருகிறேன் என்பவர் எதையோ விடப் போகிறார். 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிடம் மிதந்து காட்டுவதும் வகுப்பில் உண்டு. உங்களுக்கு நீச்சல் வருமா என்றுகூடக் கேட்காமல் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால், அந்தப் பாதி விலைக்கு அதுதான் காரணம்.

கவிதா, செங்காங்: எல்லாக் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் இருக்கிறது. விமர்சனத்தை எப்படிப் படிப்பது?

"சூப்பர் ஜாலி, இன்ஸ்ட்ரக்டர் செம காமெடி" என்பதெல்லாம் நமக்கு உதவாது. "அலை அதிகம், டைவ் ரத்து" என்று யாராவது எரிச்சலோடு ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். எனக்கு அது நல்ல விமர்சனம். படகை நிறுத்தினால் அன்றைய வருமானம் போகும் என்று தெரிந்தும் நிறுத்தியிருக்கிறார்கள் அல்லவா? அதற்குக் கடைக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். வாடிக்கையாளரைத் திட்டியிருந்தால் அடுத்த கடை.

நீங்கள் கேள்வி கேட்பதைவிட அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், காதில் பிரச்சினை உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எத்தனை டைவ் பதிவு இருக்கிறது? இதையெல்லாம் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் படகில் உங்கள் ஜோடியாக வருபவரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹரி, ஈசூன்: இன்ஸ்ட்ரக்டர் உண்மையிலேயே இன்ஸ்ட்ரக்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரும் உறுப்பினர் எண்ணும் கேளுங்கள். பிஏடிஐ தளத்தில் எண்ணைப் போட்டால் அவருக்கு இப்போது கற்பிக்கும் தகுதி நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். பழைய கார்டை வைத்துக்கொண்டு புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்களும் உண்டு, அதனால் கார்டு படத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பிஏடிஐயா, இன்னொரு பயிற்சி அமைப்பான எஸ்எஸ்ஐயா என்று மூளையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டின் கார்டும் உலகம் முழுக்கச் செல்லும்.

பெயர் வேண்டாம், கல்லூரி மாணவி: சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. கடையில் சொன்னபோது, "மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் போட்டுவிடு, டாக்டரிடம் போனால் செலவு" என்றார்கள்.

முன்பணம் கட்டியிருந்தாலும் போகட்டும், அந்தக் கடை வேண்டாம்மா. அந்தப் படிவம் உங்களை விரட்டுவதற்காக வைத்ததல்ல. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். மூச்சுக்குழல் சுருங்கி அந்தக் காற்று நுரையீரலில் எங்காவது மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். சின்ன வயதில் இருந்து இப்போது இல்லாதவர்கள் பலர் பரிசோதனைக்குப் பிறகு டைவ் செய்கிறார்கள், ஆகவே ஆசையை விட வேண்டியதில்லை. டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. டாக்டர் கட்டணம் கைக்கு அடங்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், படிவத்தில் பொய் எழுதாதீர்கள். பின்னால் ஏதாவது ஆனால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடி எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

செல்வம், உட்லண்ட்ஸ்: டிசம்பர் பள்ளி விடுமுறையில் தியோமான் போக ஒரு கடை பெரிய தள்ளுபடி தருகிறது. போகலாமா?

வேண்டாம் அண்ணே. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்று. கடைகளும் தங்குமிடங்களும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், ஃபெரியையும் நம்ப முடியாது. அந்த மாதத்தில் தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கம் நல்ல பருவம், புக்கெட் பார்க்கலாம்.

ரேவதி, தெம்பனிஸ்: வாடகை உபகரணம் சரியாக இருக்கிறதா என்று எனக்கு என்ன தெரியும்? கொடுத்ததைப் போட்டுக்கொள்வதுதானே?

கொடுத்ததைப் போட்டுக்கொள்ளும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். மூச்சு இழுக்கும் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து தடவை ஆழமாக இழுத்து விடுங்கள், கண் மட்டும் பிரஷர் கேஜ் மேலேயே இருக்கட்டும். முள் 200 பார் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இழுக்கும்போது கீழே குதித்து விடும்போது ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். தரையில் தாராளமாகக் காற்று வருவதுபோல் தோன்றும், ஆழத்துக்குப் போனதும் இழுக்க இழுக்க வராது. படகு அவசரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

காற்றுக்கு வாசனையே இருக்கக் கூடாது. எண்ணெய் நெடியோ புகை நெடியோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதனால் கடைக்குப் பின்னால் கம்ப்ரஸர் இருக்கும் இடத்தையும் எட்டிப் பாருங்கள். காற்று இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகைந்துகொண்டிருந்தால் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, கிளம்பிவிடலாம். மிதக்க உதவும் பிசிடி ஜாக்கெட்டில் காற்று நிரப்பி ஓரமாக வையுங்கள். திரும்பி வரும்போது தொளதொளவென்று ஆகியிருந்தால் கசிவு. குழாய்கள் இணையும் இடத்தில் ரப்பரை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் தெரியும்.

படகில் ஏறியதும் ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று கேளுங்கள். "இருக்கு இருக்கு" என்பது பதில் ஆகாது, திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் பயணியாகப் போன ஒரு படகில் அந்தப் பச்சைப் பெட்டிக்குள் நூடல்ஸ் பாக்கெட்டும் ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தன. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

அருண், பொங்கோல்: தண்ணீருக்கு மேலே வந்து பார்த்தால் படகு இல்லை என்றால்? 2022ல் மெர்சிங்கில் நடந்ததைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. அந்த ஏப்ரலில் ஓர் இன்ஸ்ட்ரக்டரும் மூன்று பேரும் மேலே வந்தபோது படகைத் தவறவிட்டு நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மூன்று பேரை உயிரோடு மீட்டார்கள், 14 வயதுப் பையன் பிழைக்கவில்லை.

டைவுக்கு முன் பேசும் விளக்கத்தை அக்கறையோடு கேளுங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம், சிலிண்டரில் எத்தனை பார் மிச்சம் இருக்கும்போது திரும்புவது, ஜோடியைத் தொலைத்தால் என்ன செய்வது, படகு எங்கே காத்திருக்கும் என்று நான்கும் வர வேண்டும். "என் பின்னால வாங்க, அவ்வளவுதான்" என்றால் போதாது. இறங்கும்போதும் ஏறும்போதும் ஒருவர் தாளில் பெயரை டிக் போடுகிறாரா என்று பாருங்கள், தலையை விரலால் எண்ணுவது நம்பகமில்லை. எஸ்எம்பி என்கிற ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும் ஒரு விசிலும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்த காசில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். மாஸ்க் அடுத்தது. கேமராவைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

சித்ரா, புக்கிட் பாத்தோக்: எனக்கு நீச்சல் தெரியாது. 11 வயது மகனோடு ஒரு தடவை சும்மா இறங்கிப் பார்க்க ஆசை.

அறிமுக டைவ் என்று ஒன்று இருக்கிறது, 10 வயதிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள், 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். கடலில் ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு நான்கு பேர் வரை விதி அனுமதிக்கும். நீங்களும் மகனும் மட்டும் ஒருவரோடு போகிற மாதிரி கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். முதலில் இங்கே ஒரு நீச்சல் குளத்தில் முயன்று பார்த்தால் பையனுக்குக் காது வலிக்கிறதா என்று தெரிந்துவிடும். நம்ம சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் இறங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அழகான இடம்தான், ஆனால் பல நாள் தண்ணீரில் சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முதல் அனுபவத்துக்குத் தெளிந்த தண்ணீர் நல்லது.

மணி, சிராங்கூன்: முன்பணத்தை ஒருவருடைய சொந்த பேநவ் எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னுக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்லுங்கள். பஸ், ஃபெரி, அறை எல்லாம் சேர்த்து இங்கிருந்தே தொகுப்பாக விற்பவருக்குப் பயண முகவர் உரிமம் தேவை. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதியா, ஆள் சேராமல் ரத்தானால் என்ன என்பதைக் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் தகராறு என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். தீவில் இருக்கும் கடையிடம் நேரடியாகக் கட்டினால் இந்த வழிகளால் பெரிய பயன் இருக்காது, அங்கே முன்பணத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபரீத், பிடோக்: சாதாரணப் பயணக் காப்புறுதி போதுமா?

டைவிங் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். சிலவற்றில் 30 மீட்டர் வரைதான், சிலவற்றில் கார்டு இருந்தால்தான், சிலவற்றில் டைவிங்கே சேராது. அழுத்த அறைச் சிகிச்சையும் அவசரமாக ஊருக்குக் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தீவிலிருந்து ஒருவரை அவசரமாகக் கொண்டுவரும் செலவுக்கு முன்னால் உங்கள் வகுப்புக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

லதா, அங் மோ கியோ: தாய்லாந்தின் கோ தாவ் தீவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி டைவ், அன்று இரவே விமானம். கடைக்காரர் பரவாயில்லை என்கிறார்.

பரவாயில்லை என்று சொல்பவர் உங்களோடு விமானம் ஏறப் போவதில்லை. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடைவெளி வேண்டும் என்பது பொது வழிகாட்டி. சனிக்கிழமையோடு டைவை முடித்துக்கொள்ளுங்கள், அல்லது டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றுங்கள். இரண்டில் எது மலிவு என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், கடைசி வாரத்தில் மாற்றுக் கட்டணம் ஏறிவிடும்.