ஆணைக்குழுவுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

சட்டம் கேளுங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு சட்டத்தரணியின் பதில்கள்

போன இதழில் பாரபட்சம் பற்றி நான் எழுதிய பதிலுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனித உரிமைகள் ஆணைக்குழுவைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த முறை முழு இடமும் அதற்கே. காணி உறுதி, விவாகரத்துக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஓர் அரச நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தேன். நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னோடு சேர்ந்த ஆண்கள் எல்லாரும் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போக நினைக்கிறேன். “அவர்கள் பரிந்துரை மட்டும்தான் செய்வார்கள், அதை யார் மதிக்கிறார்கள்?” என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
*– வாசகி, உப்புவெளி*

தங்கச்சி, வேலை இல்லை என்ற கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியை எழுத மறந்துவிட்டீர்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றம் இருப்பதோ கொழும்பில். வயிற்றில் பிள்ளையோடு, சம்பளமும் நின்றுபோன ஒரு பெண் ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைத் தேடிப் பிடித்து, பணம் புரட்டி, மனுத் தாக்கல் செய்வது லேசான காரியம் இல்லை.

ஆணைக்குழுவின் முதல் பயன் இங்கேதான் இருக்கிறது. ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த சீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும், விசாரணைக்குக் கூப்பிட்ட தேதிகளையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் நீங்களே பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள்.

சரி, அதிகாரத்துக்கு வருவோம். உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நீதிமன்றத்தைப் போல “இவரை நாளைக்கே வேலைக்கு எடு” என்று ஆணைக்குழு கட்டளை போட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் தலைவரை அழைப்பாணை அனுப்பி வரவழைக்கலாம். சத்தியம் செய்வித்துச் சாட்சியம் எடுக்கலாம். உங்கள் கோவையையும், வேலையில் தொடரும் அந்த ஆண்களின் கோவைகளையும் கொண்டுவா என்று கேட்கலாம். ஆணைக்குழுவை அவமதித்தால், உயர் நீதிமன்றத்தையே அவமதித்தது போல உயர் நீதிமன்றம் தண்டிக்கலாம். இத்தனை காலமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து “பிறகு வாங்க” என்று சொன்னவர், உங்கள் முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் பெண்களுக்கு இதன் பெறுமதி தெரியும். அதுவரை யாருமே அவர்களுக்கு ஒரு காரணம் கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விசாரணையில் மீறல் தெரியவந்தால் ஆணைக்குழு இரு தரப்பையும் இணக்கத்துக்கு அழைக்கலாம். அது பொருந்தாவிட்டாலோ ஒரு தரப்பு மறுத்தாலோ, வழக்குத் தொடரும்படி உரிய அதிகாரிகளுக்குப் பரிந்துரைக்கலாம், விஷயத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், பரிகாரம் செய்யும்படி நிறுவனத்துக்குப் பரிந்துரை எழுதலாம். முறைப்பாட்டுக்காக நீங்கள் செய்த நியாயமான செலவைத் தரச் சொல்லவும் இடமுண்டு. பரிந்துரையை நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பும், ஜனாதிபதி அதை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். சட்டம் அதோடு நின்றுவிடுகிறது. இது போதாது என்பதே என் கருத்து. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது வேலை. நாடாளுமன்ற மேசையில் ஓர் அறிக்கை கிடப்பதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

அப்படியானால் பரிந்துரைக்கு மதிப்பே இல்லையா? நம் ஊரிலேயே நடந்ததைப் பாருங்கள். 2018இல் இங்குள்ள ஓர் இந்துப் பெண்கள் பாடசாலையில், அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிர்ப்பு எழுந்தது. அவர்கள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். ஆணைக்குழு விசாரித்து, அவர்களுடைய உரிமை மீறப்பட்டிருக்கிறது, அவர்களைத் திரும்ப அங்கே கற்பிக்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. பிறகு ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே இணக்கம் ஏற்பட்டு 2022 பெப்ரவரியில் அவர் பாடசாலைக்குத் திரும்பிய அன்றும் குழப்பம் நடந்தது. இந்த விஷயத்தில் திருமலையில் ஒரே வீட்டுக்குள்ளும் இரண்டு கருத்து இருப்பது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், சேலை கட்டுகிற என் உரிமையும் அபாயா போடுகிற அவருடைய உரிமையும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் ஒரே வரியில்தான் இருக்கின்றன. சட்ட வழியில் பார்த்தால், பரிந்துரை மட்டும் அவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆனால் நீதிமன்ற வாசலுக்குப் போனபோது, விசாரித்து எழுதப்பட்ட ஒரு முடிவு அவர் கையில் இருந்தது. வெறுங்கையோடு போவதும் அப்படிப் போவதும் ஒன்றல்ல.

நீங்கள் எழுதும் முறைப்பாட்டில் 12(1), 12(2) இரண்டையும் குறிப்பிடுங்கள். முதலாவது, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது. இரண்டாவது, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் எந்தக் குடிமகனுக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்பது. கர்ப்பம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லையே என்று யாராவது வாதாடுவார்கள். கர்ப்பம் பெண்ணுக்குத்தான் வரும், ஆகவே இது பால் காரணமான பாரபட்சம் என்று நேரடியாக எழுதிவிடுங்கள். கிளினிக் அட்டையின் பிரதி, கர்ப்பத்தை அலுவலகத்துக்குத் தெரிவித்த தேதி, முந்தைய ஒப்பந்தங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர்களின் பதவிகள் எல்லாவற்றையும் இணையுங்கள். அந்த விவரங்களைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஒரு மாதத்தைத் தவற விட்டுவிடாதீர்கள். இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே முறைப்பாட்டைக் கொடுங்கள்.

மூதூரிலிருந்து வேலை மாற்றலில் திருமலை நகருக்கு வந்திருக்கிறோம். உவர்மலையில் வாடகை வீடு பார்க்கப் போனால், என் பெயரைக் கேட்டதும் “கொடுத்தாச்சு” என்கிறார்கள். அடுத்த வாரமும் அதே விளம்பரம் தொங்குகிறது. அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் என் மச்சான், அங்கே இப்படிச் செய்தால் வீட்டுக்காரரையே ஆணைக்குழு கூப்பிட்டு விசாரிக்கும் என்கிறார். இங்கே முடியாதா?
*– வாசகர், திருகோணமலை*

தம்பி, உங்கள் மச்சான் சொல்வது சரி. அமெரிக்காவில் தனியார் முதலாளிகள் இனம், மதம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுத்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூயோர்க், 1945இல். கொலராடோவின் குடியியல் உரிமைகள் ஆணைக்குழு வேலை, வீடு, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கடை ஆகிய மூன்றிலும் தனியாரை விசாரித்து, பாரபட்சத்தை நிறுத்தும்படி கட்டளையே போடலாம். அப்படிப்பட்ட அதிகாரத்துக்கும் கடிவாளம் உண்டு. 2012இல் ஒரு கேக் கடைக்காரர் தன் மத நம்பிக்கையைச் சொல்லி, இரண்டு ஆண்களின் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்தார். அந்த ஆணைக்குழு அவருக்கு எதிராக முடிவெடுத்தது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்த முடிவை நீக்கியது. கடைக்காரரின் மத நம்பிக்கையை ஆணைக்குழு நடுநிலையோடு கேட்கவில்லை என்பதே காரணம். பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டத்தின் மேல் நீதிமன்றம் கைவைக்கவில்லை.

நம் ஆணைக்குழுவின் எல்லை வேறு. அதன் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி ஆட்சித்துறை அல்லது நிர்வாகச் செயலால், அதாவது அரசும் அதன் அதிகாரிகளும் செய்வதால், நடக்கும் மீறல்களையே அது விசாரிக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டக் குற்றங்களால் நடக்கும் மீறல்களை மட்டும், செய்தவர் யாராக இருந்தாலும் அது விசாரிக்கலாம். ஒரு தனியார் வீட்டுக்காரர் அதற்குள் வரமாட்டார். அரசியலமைப்பின் 12(3) கடை, உணவகம், ஹோட்டல் ஆகியவற்றில் பாரபட்சம் கூடாது என்கிறது. ஆனால் வாடகை வீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் உங்களுக்கு அந்த வீட்டைப் பெற்றுத் தரும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இல்லை. மறைத்து எழுதி உங்களை அலைய வைக்க எனக்கு மனமில்லை.

இருந்தாலும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள் என்பேன். சட்டங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை சொல்வதும் ஆணைக்குழுவின் வேலை. தனியாரையும் கட்டுப்படுத்தும் ஒரு சமத்துவச் சட்டம் நமக்குக் கட்டாயம் வேண்டும். திருமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருக்கும் இந்தக் “கொடுத்தாச்சு” கிடைக்கிறது, தெரு மாறினால் ஆள் மாறும், அவ்வளவுதான். யாரும் எழுதி வைக்காவிட்டால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றே அரசு சொல்லும். நீங்கள் அரச விடுதிக்கு விண்ணப்பித்து அங்கே இப்படி நடந்தால் கதை வேறு, அது நேரடியாக 14ஆம் பிரிவுக்குள் வரும்.

கொழும்பில் உள்ள ஒரு திணைக்களத்துக்குத் தமிழில் எழுதினேன். சிங்களத்தில் பதில் வந்தது. யாரிடமாவது வாசித்துக் கேளுங்கள் என்கிறார்கள்.
*– வாசகர், குச்சவெளி*

ஐயா, தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அப்படித்தான். இதற்கென்றே 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அங்கே முறையிடுங்கள். அதன் பரிந்துரையைத் திணைக்களம் நிறைவேற்றாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தின் பிரதியையும், அவர்கள் அனுப்பிய பதிலை உறையோடும் வைத்திருங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் சிலரைச் சாதி பார்த்து உள்ளே விடுவதில்லை. இதற்கும் ஆணைக்குழுதானா?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகி*

இதற்கு முதலில் பொலிஸ். சாதியின் பேரில் ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்படி குற்றம். செய்பவர் தனியாளாக இருந்தாலும், கோயில் நிர்வாகமாக இருந்தாலும் குற்றம்தான். பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால், அந்த மறுப்பு நிர்வாகச் செயல், அதற்கு ஆணைக்குழுவுக்குப் போகலாம். அறுபது வருஷத்துக்கும் மேலாக இந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஊர் ஒற்றுமை கெடும் என்று உங்களிடம் சொல்பவர்களிடம், கதவுக்கு வெளியே நிற்பவர்களும் ஊரா இல்லையா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவருக்காக நான் முறைப்பாடு கொடுக்கலாமா? எவ்வளவு செலவாகும்? கொழும்புக்குப் போக வேண்டுமா?
*– வாசகி, கிண்ணியா*

கொடுக்கலாம் மகள். பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவர் முறையிடச் சட்டம் இடம் தருகிறது. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தமிழில் எழுதலாம். அவசரமென்றால் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சட்டம் வந்த ஆண்டும் அதுதான், அதனால் அம்மாவுக்கும் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கலாம். பின்னால் வழக்கு வரை போனால், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். எழுதும்போது அம்மா சொல்வதை அவர் சொல்கிற ஒழுங்கிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். என்ன நடந்தது, எந்த அலுவலகம், எந்தத் தேதி, யார் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் அவர்கள் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை குத்தி வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.