"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன்

கேள்வி: யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஹாட்வெயார் கடை நடத்துகிறேன், 18 பேர் வேலை செய்கின்றனர். 8 வருடங்களாக இருக்கும் காசாளர் வாடிக்கையாளரிடமும் என்னிடமும் எடுத்தெறிந்து பேசுகிறார், மற்றவர்களையும் தூண்டிவிடுகிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் அவரை நிற்பாட்டிவிட்டேன். பணிக்கொடையும் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: அவருடைய குணத்தைப் பற்றி நீங்கள் எழுதியுள்ள நான்கு பக்கங்களில் சட்டத்துக்குத் தேவையானது அந்தத் தொலைபேசி அழைப்பு ஒன்றுதான். 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டப்படி, அதற்கான காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்டனையாக அன்றி வேறு காரணத்துக்காக நீக்குவதாயின், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். உங்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஆணையாளர் நினைத்தால் நிலுவைச் சம்பளத்துடன் அவரை மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படி கட்டளையிடலாம்.

இந்த இடத்தில்தான் முதலாளிமார் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். யாரோ சொன்னதைக் கேட்டு, போன வாரத் திகதியிட்டு ஒரு வேலைநீக்கக் கடிதம் தயாரிப்பார்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் திகதி அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் சிலர் ஊழியரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இராஜினாமாக் கடிதம் எழுதி வாங்குவார்கள். வற்புறுத்தலில் எழுதியது என்று அவர் சாட்சியம் சொன்னால், கடிதம் எழுதப்பட்ட சூழ்நிலைதான் தொழில் நியாயசபையில் ஆராயப்படுமேயன்றி, அதிலுள்ள கையொப்பம் உங்களைக் காப்பாற்றாது. போதாததற்கு, இவ்வருடம் ஜனவரியில் "தங்களின் சிறந்த சேவையைப் பாராட்டி" என்று சம்பள உயர்வுக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். 8 வருடங்களில் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறெதையும் கேட்கத் தேவையிராது.

"மரியாதை இல்லை" என்பது குற்றச்சாட்டு ஆகாது. எந்தத் திகதியில், யார் முன்னிலையில், என்ன வார்த்தை சொன்னார் என்பதுதான் குற்றச்சாட்டு. அப்படி எழுதக்கூடிய சம்பவங்கள் உங்களிடம் இல்லாதபடியால், வெளிப்படையாகவே சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வேலைக்குத் திரும்பும்படி பதிவுத் தபாலில் அவரை அழையுங்கள். அதன் பிறகு பேசி, விலகுவதற்கு அவர் மனமுவந்து தரும் எழுத்துமூலச் சம்மதத்தை, அந்த விலகல் நடைமுறைக்கு வருவதற்கு முன்னதாகவே, இயன்றால் தொழில் திணைக்கள உத்தியோகத்தர் முன்னிலையில், பெற்றுக்கொள்ளுங்கள்.

பணிக்கொடையில் கை வைக்க வேண்டாம். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவரிடமே, அதுவும் நேர்ந்த நட்டத்தின் அளவுக்கே, அதைப் பிடித்துவைக்கலாம், வாய்க்கொழுப்புக்காக முடியாது. வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில், 60,000 ரூபா சம்பளத்துக்கு 2,40,000 ரூபா வரும்; வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் நட்டஈடாக ஒரு தொகையைக் கேட்பார். பேரம் பேசுங்கள், ஆனால் வழக்குச் செலவையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள். அவர் கைச்சாத்திடும்வரை அவரது பெயரைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கவோ, ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பை நிறுத்தவோ வேண்டாம்.