துணை அதிபரும் ஓட்டுக் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் படிக்கும் மாணவன். அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றி வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024-ல் கமலா ஹாரிஸ் பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷபிரோவை விட்டுவிட்டு, மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக்கியதுதான் தோல்விக்குக் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். துணை அதிபர் என்பது எப்படியும் ஓர் அலங்காரப் பதவிதானே? அனுபவத்தைப் பார்க்காமல், ஓட்டு கொண்டுவருபவரை நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ர.

அன்புள்ள ர.,

சில வாரங்களாக 1864-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

முதலில் ஷபிரோ. அதிபரை முடிவு செய்பவை மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள். ஹாரிஸுக்குக் கிடைத்தவை 226. பென்சில்வேனியாவின் 19-ஐச் சேர்த்தாலும் 245தான் வரும். வெற்றிக்கு 270 வேண்டும். உங்கள் நண்பர்கள் இந்தக் கூட்டலைச் செய்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

என்னால் கடந்துபோக முடியாதது 'அலங்காரப் பதவி' என்று நீங்கள் எழுதியிருப்பது. அரசியல் படிக்கிற ஒருவர் இப்படி எழுதலாமா? எட்டு அதிபர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்திருக்கிறார்கள், ஒருவர் பதவி விலகியிருக்கிறார். ஒன்பது முறை அந்த 'அலங்காரம்' நாட்டை ஆள நேர்ந்திருக்கிறது. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் துணை அதிபராகி 82 நாட்கள்தான் ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் விவரங்கள் பதவியேற்ற பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டன. நான்கு மாதங்களுக்குள் ஹிரோஷிமா. இன்னொரு முறை அந்த வார்த்தையை எழுதாதீர்கள்.

அனுபவமா ஓட்டா என்று கேட்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்த கதையைச் சொல்கிறேன்.

1864-ல் லிங்கனின் துணை அதிபர் ஹானிபல் ஹாம்லின். மெய்ன் மாநிலத்துக்காரர். அடிமை முறையை எதிர்த்துத் தன் பழைய கட்சியையே விட்டு வந்தவர். கறுப்பினத்தவருக்கு ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்க்கவேண்டும் என்று வாதாடியவர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போர் நீண்டுகொண்டே போனது. மக்கள் சலித்திருந்தார்கள். மெய்ன் எப்படியும் நம் பக்கம்தான், ஹாம்லினால் ஒரு புதிய ஓட்டும் வராது என்று லிங்கனின் கட்சியினர் கணக்குப் போட்டார்கள். பால்டிமோர் மாநாட்டில் அவரை இறக்கிவிட்டு டென்னஸியின் ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர், தெற்கத்தியர். தன் மாநிலம் பிரிந்துபோன பிறகும் செனட்டில் தன் இடத்தை விட்டு எழாத ஒரே தெற்குச் செனட்டர். நடுநிலை வாக்காளர்களை இழுக்க இவரை விடப் பொருத்தமானவர் யார்?

அனுபவத்துக்கும் குறைவில்லை. பள்ளிக்கூடமே போகாத தையற்காரர் அவர். நகர மேயர், சட்டமன்ற உறுப்பினர், பத்தாண்டுகள் கீழவை உறுப்பினர், மாநில ஆளுநர், செனட்டர், போர்க்கால ராணுவ ஆளுநர் என்று படிப்படியாக ஏறி வந்தவர். லிங்கனுக்கே இதில் பாதி அனுபவம் கிடையாது.

அவர் எதை நம்புகிறார் என்று மட்டும் யாரும் குடைந்து கேட்கவில்லை. பெரும் பண்ணையார்களை அவர் வெறுத்தார். அந்த வெறுப்பை அடிமைகள் மீதான பரிவு என்று கட்சி எடுத்துக்கொண்டது. அவரும் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் கூட்டத்தில் நின்று, உங்களுக்கு நான் (பைபிளில் அடிமைகளை மீட்டுச் சென்ற) மோசேயாக இருப்பேன் என்று பேசினார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்.

தேர்தல் முடிவைப் பாருங்கள். தேர்வாளர் வாக்குகளில் லிங்கன் 212, எதிர்த்து நின்ற மெக்லெல்லன் 21. ஜான்சனின் டென்னஸியில் பதிவான வாக்குகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை! செப்டம்பரில் தெற்கின் அட்லாண்டா நகரம் லிங்கனின் படையிடம் விழுந்ததுமே காற்று திரும்பிவிட்டது. எந்த ஓட்டுக்காக ஹாம்லினைக் கைவிட்டார்களோ அந்த ஓட்டு தேவைப்படவே இல்லை. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1865 மார்ச் 4 அன்று குடிபோதையில் பதவியேற்பு உரையாற்றிய ஜான்சன், லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டதால் ஆறே வாரங்களில் அதிபரானார். அந்த ஜனவரியில்தான் தளபதி ஷெர்மன், தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோர நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத்தர ஆணையிட்டிருந்தார். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி விதைத்துவிட்டார்கள். ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்கு, விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அமைப்பின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் இந்தச் செய்தியோடு அனுப்பப்பட்டார். நிலத்தை விட்டுவிடுங்கள், பழைய எஜமானர்களை மன்னித்து அவர்களிடமே கூலிக்கு இருங்கள் என்று சொல்லவேண்டிய பொறுப்பு அவருக்கு. அந்த மக்கள் ஹோவர்டுக்கு எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் அடித்தவனை, அவன் சொன்ன விலைக்கு உழைத்தால்தான் காலிக் குடிசையில் தங்கவிடுவேன் என்பவனை எப்படி மன்னிப்பது என்று அதில் ஒருவர் கேட்கிறார்.

1866-ல் குடிமை உரிமைச் சட்டத்தையும் ஜான்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. 1868-ல் பதவி நீக்க விசாரணையில் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். நிலம் போனது போனதுதான்.

1960-ல் கென்னடியும் டெக்ஸாஸ் ஓட்டுக்காகவே ஒரு ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அந்த லிண்டன் ஜான்சன் 1964-ல் குடிமை உரிமைச் சட்டத்தையும் மறு ஆண்டே வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். வியட்நாம் போரைப் பெருக்கியதும் அவரே. ஓட்டுக் கணக்கு இரண்டு முறையும் ஒன்றுதான். அந்த நாற்காலி தனக்கே கிடைத்தால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று மாநாட்டில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தால் என்ன விலை என்பதை எடிஸ்டோக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும்.

தம்பி, கோபமாக எழுதிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். கேட்கவேண்டும் என்று தோன்றியதைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் அது நல்ல குணம். அனுபவத்தையும் ஓட்டையும் இரண்டு தட்டில் வைத்து எழுதியிருக்கும் பகுதியை எடுத்துவிட்டு, ஹாம்லின் மாற்றப்பட்டதிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். எடிஸ்டோ மனுக்கள் அச்சில் கிடைக்கின்றன. சுருக்கத்தைப் படித்து எழுதிவிடாமல் முழுவதையும் வாசியுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.