கூட்டமில்லாத பிரெஞ்சு ஊர் வேண்டுமென்றால் ஃபிஜாக் போங்கள்

கேள்வி: பிரான்ஸில் படிக்கிறேன். பாரிஸ், நீஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு வார இறுதிக்குத் தனியாகப் போய்வர அமைதியான சின்ன ஊர் எது?

நான் ஃபிஜாக் என்பேன். தென்மேற்கில், லோத் மாவட்டத்தில், செலே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல, பேசிப் பழக.

துலூஸில் முதுகலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கடைக்குப் போய் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொன்னால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள், ஆனால் எட்டு மாதம் ஆகியும் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்ததில்லை என்ற வருத்தம் எனக்குள் பெரிதாகிக்கொண்டே இருந்தது. மொழி வகுப்பு ஆசிரியைதான் சொன்னார்: "சனிக்கிழமை சந்தை கூடும் சின்ன ஊருக்குப் போ. அங்கே யாரும் அவசரத்தில் இருக்க மாட்டார்கள்."

துலூஸ் மத்தாபியோ நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் நேராகப் போகலாம், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கையாக் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். அப்புறம் தண்டவாளம் ஆவெரோன் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. பாலம், சுரங்கப்பாதை, மறுபடியும் ஆறு. நஜாக் வரும்போது குன்றின் மேல் கோட்டை தெரியும். தூங்கிவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலை ரயிலைப் பிடியுங்கள், ஏனென்றால் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும். பழைய ஊரின் நடுவில் இரும்புத் தூண்கள் தாங்கும் கொட்டகை, அதைச் சுற்றித் தெருவெல்லாம் கடைகள். யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் "போன்ழூர்" சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் ஆரம்பிப்பது அங்கே மரியாதைக் குறைவு. ஆட்டுப்பாலில் செய்த சின்ன வட்டச் சீஸ் விற்கும் ஒரு பாட்டியிடம் போனேன். ரொக்கமாதூர் என்று பெயர், ஒன்று 35 கிராம்தான் இருக்கும். எத்தனை நாள் முதிர்ந்தது, எதோடு சாப்பிடுவது என்று கேட்டேன். பதிலுக்கு அவர் என் ஊர், என் படிப்பு, வெயில், அம்மா அப்பா எல்லாம் கேட்டார். வால்நட்டைக் காட்டி "நுவா" என்று சொல்ல வைத்து, உச்சரிப்பு சரியாக வரும்வரை விடவில்லை. பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பத்து நிமிடம் முழுக்க முழுக்க பிரெஞ்சில் பேசியிருக்கிறேன் என்பது நகர்ந்து வந்த பிறகுதான் உறைத்தது.

ஊரே மணற்கல் வீடுகள்தான். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வணிகத்தில் செழித்த ஊர் இது. அண்ணாந்து பார்த்தால் பல வீடுகளில் கூரைக்கு அடியில் பக்கங்கள் திறந்த ஒரு மாடி இருக்கும், சொலெய்யோ என்பார்கள். துணி, தோல், பழம் எல்லாம் காயவைக்கும் இடம். மொட்டைமாடி வடாம் ஞாபகம் வராமல் இருக்குமா!

ஆனால் நான் இந்த ஊரைச் சொல்ல உண்மையான காரணம் ஷாம்போலியோன். எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டியவர். 1790 டிசம்பர் 23இல் இந்த ஊரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் அண்ணனிடம் கிரெனோபிளுக்குப் போனவர், ஒன்றன்பின் ஒன்றாக மொழிகள் கற்றார். பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக் மொழியை அவ்வளவு ஆழமாகப் படித்ததுதான் பின்னால் கைகொடுத்தது. 1822 செப்டம்பரில், அந்தச் சித்திரங்களில் சில ஒலியைக் குறிப்பவை, சில பொருளைக் குறிப்பவை, இரண்டும் கலந்தே எழுதப்பட்டிருக்கின்றன என்று பிடித்துவிட்டார். அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார் என்று கதை சொல்வார்கள். 1832இல் இறந்தபோது வயது 41.

அவர் பிறந்த வீடு இப்போது உலக எழுத்துகளின் அருங்காட்சியகம். கல் முகப்புக்குப் பின்னால் செம்பிலும் கண்ணாடியிலும் பல மொழி எழுத்துகள் கொண்ட இன்னொரு சுவர் நிற்கிறது, மாலை வெயிலில் பாருங்கள். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே ஒரு முற்றம். அதன் தரை முழுவதும் கருங்கல்லில் பெரிதாக்கிச் செதுக்கிய ரோசெட்டா கல், ஒரே செய்தியை மூன்று எழுத்தில் சொல்லி ஷாம்போலியோனுக்குத் திறவுகோலாக இருந்த கல்லின் நகல். ஜோசப் கோசத் என்ற அமெரிக்கக் கலைஞர் 1991இல் செய்தது. சித்திர எழுத்து, எகிப்தியர் அன்றாடம் எழுதிய மக்கள் எழுத்து, கிரேக்கம் மூன்றின் மேலும் நடக்கலாம். அசல் கல் லண்டனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. இங்கே எழுத்தின் பள்ளத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் எழுத்தின் நினைவு வந்தது. ஷாம்போலியோன் எகிப்து எழுத்தைப் படித்த ஆண்டில், அசோகர் கல்வெட்டுகளிலும் நம் குகைக் கல்வெட்டுகளிலும் இருக்கும் பழைய எழுத்தான பிராமியைப் படிக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் அதைப் படித்தது 1837இல். நம் குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னது 1924இல். அதே எகிப்தில், செங்கடல் கரைத் துறைமுகமான குசெய்ர் அல்-கதீமில், 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. ஒறி என்றால் நம் வீட்டு உறிதான். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்து நினைத்தபோது தொண்டை அடைத்தது.

தங்குவதற்கு மலிவான இடம் யாத்ரீகர் விடுதி. லெ புய் என்ற ஊரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்து போகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள், யாத்திரையின் அடையாளமாக முதுகுப்பையில் சிப்பி தொங்கும். சனி மாலையே ஞாயிறு இரவுக்கும் சேர்த்து ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், நான் அன்று மாலை பட்டினியாகத்தான் ரயில் ஏறினேன். திரும்பும் ரயில்களும் குறைவு, முன்பே பார்த்து வையுங்கள்.

ஞாயிறு காலை மழை விட்டதும் மறுபடி அந்த முற்றத்துக்குப் போனேன். எழுத்துகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. நடைப்பயணம் வந்த ஒரு அம்மாள் என்னிடம் "இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், கடைசிவரை கேட்டார். அப்புறம் தன் குறிப்பேட்டை நீட்டி, உங்கள் எழுத்தில் உங்கள் பெயரை எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒலியைக் குறித்துக்கொண்டார்.